திருமூர்த்தி நின்ற மாலை

கோயம்புத்தூரில் ஒரு நடனக் குழு இருந்தது. பீளமேட்டுப் பக்கம், மூடிப்போன மில் ஒன்றின் பஞ்சுக் கிடங்கில் அது பிறந்தது. அதனால் கிடங்கு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

அதை உருவாக்கியவர் அமராவதி டீச்சர். சலங்கை கட்டாத, புராணக் கதை சொல்லாத நவீன நடனம் அவருடையது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள், லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள், தறியில் அறுந்த நூலைக் குனிந்து முடிகிறவர்கள், இவர்களுடைய உடம்பிலிருந்து அவர் அசைவுகளை எடுத்தார். முதலில் ஊர் சிரித்தது. பிறகு பார்த்தது. அதற்குப் பிறகு, வெளியூர்க்காரர்களிடம் சொல்லிப் பெருமைப்பட ஆரம்பித்தது.

முப்பது வருஷங்கள் ஓடின.

டீச்சரின் மாணவர்களில் மூத்தவன் திருமூர்த்தி. உடுமலைக்காரன். கல்லூரியில் படிக்கும்போது வேடிக்கை பார்க்க வந்தவன், கிடங்கை விட்டுப் போகவேயில்லை. இப்போது காதோரம் நரைத்துவிட்டது. ஆனால் மேடையில் அவன் தாவினால், கீழே வர வேண்டும் என்பதையே உடம்பு மறந்துவிட்டதுபோல ஒரு கணம் அந்தரத்தில் இருப்பான். சபை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பறக்கிறவன் என்றுதான் ஊரில் அவனுக்குப் பெயர்.

முழங்கால் தேய்ந்துவிட்டது, இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

முப்பதாம் ஆண்டு விழாவை, தை மாதத்துச் சனி ஞாயிறு மாலைகளில் வைப்பதென்று முடிவானது. ஒவ்வொரு வாரமும் கிடங்கின் பழைய ஆட்டம் ஒன்று. எது எந்த வாரம் என்று டீச்சர் ஒரு காலையில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

நிர்வாகி ஜெரால்டு கேட்டார்: "கடைசி நாளுக்கு எதுங்க டீச்சர்?"

ஜெரால்டு கிடங்கின் முதல் வருஷத்திலிருந்தே இருப்பவர்.

"நிற்பவர்கள்," என்றார் டீச்சர்.

சின்ன வயது ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஜெரால்டின் முகம் மட்டும் மாறியது.

"அது வேண்டாமுங்க டீச்சர்."

"வேணும்."

திருமூர்த்தி ஜெரால்டை வெளியே அழைத்துப்போய் விசாரித்தான். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மில் மூடிய வருஷம், வேலை போனவர்கள் காலையில் வழக்கம்போல வந்து கேட் முன்னால் நிற்பார்கள். கேட் திறக்காது. ஷிப்ட் முடிகிற நேரம் வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். டீச்சர் அதை அப்படியே மேடையில் வைத்தார். ஆட்டம் தொடங்கும்போது, ஷிப்டுக்குக் கூப்பிடுகிற மில் சங்கு ஊதும். சபை இருக்கிற பக்கம்தான் கேட். மேடையில் இருப்பவர்கள் அதைப் பார்த்து நிற்பார்கள். காலை வெயில் மாலை வெயிலாக மாறும் வரை நிற்பார்கள். அவ்வளவுதான்.

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்லை தம்பி. அதான் ஜனங்களுக்குக் கோவம். ஆடச் சொல்லிக் கத்துனாங்க. எந்திரிச்சுப் போயிட்டாங்க. அதோட அந்த ஆட்டத்தை மூட்டை கட்டினோம்."

திருமூர்த்தி நேராக டீச்சரிடம் போனான்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளு."

"அன்னிக்கு ஜனங்க எந்திரிச்சுப் போயிட்டாங்களாமா."

"ஆமா. பாதிப் பேரு போனாங்க. மீதிப் பேரு கத்துனாங்க. கத்தி முடிச்சுட்டு அவங்களும் போயிட்டாங்க."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"நின்னோம். வெளிச்சம் அணையற வரைக்கும் நின்னோம். ஹால்ல லைட்டு போடறவரு மட்டும் இருந்தாரு."

"விழாவுல நம்ம பெருமையைத்தானுங்களே காட்டோணும்?"

"அதைத்தானே காட்டப் போறேன்."

அவன் எதிரே உட்கார்ந்தான்.

"யாருங்க நிக்கறது?"

"நடுவுல நீ. உன்னச் சுத்தி மத்தவங்க."

"அது எனக்குக் கடைசி நாளுங்க டீச்சர். அதுக்கப்பறம் நான் மேடை ஏற மாட்டேன்."

"தெரியும்."

"நான் தாவறதைப் பாக்கத்தான் ஜனங்க வருவாங்க."

"வரட்டும்."

"அப்பறம் ஏனுங்க என்னை நிக்க வெக்கறீங்க?" அவன் குரல் சற்று உயர்ந்தது. "நிக்கறதுக்கு என்னங்க தெரியோணும்? யாரை வேணும்னாலும் நிக்க வெக்கலாமே."

டீச்சர் கோபப்படவில்லை.

"பறக்கத் தெரியாதவன் நின்னா, அது சும்மா இருக்கறது கண்ணு. நிக்கறதுக்குப் பறக்கத் தெரிஞ்ச ஆளு வேணும். முப்பது வருஷம் காத்திருந்தேன்."

அவனுக்கு அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, சமாளிப்பாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஒத்திகை தொடங்கியது. மற்றவர்கள் எப்படியோ நின்றார்கள். திருமூர்த்திக்குத்தான் வரவில்லை.

"நீ ஆடற," என்றார் டீச்சர்.

"இல்லீங்களே. அசையாமத்தான் நிக்கறேன்."

"முதுகு ஆடுது. நான் எத்தனை அழகா நிக்கறேன் பாருன்னு முதுகு சொல்லிட்டே இருக்குது."

முதுகைத் தளர்த்தினான்.

"இப்ப கழுத்து சொல்லுது."

கழுத்தை இறக்கினான்.

"இப்ப நான் எவ்வளவு எளிமையா நிக்கறேன் பாருங்கற."

சின்னவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. இதே கதை தினமும் நடந்தது. ஒரு நாள் டீச்சர் ஒத்திகையை நிறுத்தினார்.

"மில் கேட் இருந்த எடம் தெரியுமில்ல?"

"இப்ப அங்க பெரிய துணிக்கடை இருக்குதுங்க."

"அந்த வாசல்ல போயி நில்லு."

"எவ்வளவு நேரமுங்க?"

"நிக்கறவங்களுக்கு அது தெரியாது. போ."

திருமூர்த்தி போய் நின்றான். வண்டிகள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தன. வாசலில் காக்கிச் சட்டை போட்ட காவலாளி ஒருவர் விசில் ஊதி வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். சட்டைப் பையின் மேல் பொங்கியண்ணன் என்று பெயர் குத்தியிருந்தது.

அவர் இவனிடம் வந்தார்.

"யாராச்சும் வராங்களாங்க?"

"இல்லீங்க."

"துணி எடுக்கோணுமா?"

"இல்லீங்க."

"அப்பக் கொஞ்சம் நகருங்க சார். வண்டி வர்ற வழி."

அவன் கிடங்குக்குத் திரும்பினான்.

"வெரட்டிட்டாங்க டீச்சர். நான் யாருன்னு அவருக்குத் தெரியிலீங்க."

"அது நல்லதாப் போச்சு," என்றார் டீச்சர். "நாளைக்கும் போ."

மறுநாள் சுவரோரமாக நின்றான். பொங்கியண்ணன் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"உக்காருங்க சார். மயக்கமா? தண்ணி கொண்டாறட்டுமா?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. சும்மாதான் நிக்கறேன்."

"சும்மா யாருங்க நிப்பாங்க?" என்று முனகிக்கொண்டே அவர் நாற்காலியை எடுத்துப்போனார்.

அதன் பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். மனுஷனுக்கு ஏதோ கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்திருக்கலாம். டீ குடிக்கப் போகும்போது இவனுக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுப்பார். இருவரும் சுவரோரம் நின்று குடிப்பார்கள். திருமூர்த்தி டீச்சரை மனசுக்குள் திட்டிக்கொண்டே நிற்பான். விழா நெருங்கிக்கொண்டிருக்கிறது. கிடங்கில் எல்லோரும் ஆடுகிறார்கள். தான் மட்டும் துணிக்கடை வாசலில் நிற்கிறோம்.

ஒரு நாள் காலை, பொங்கியண்ணனின் போன் திரும்பத் திரும்ப அடித்தது. விசிலை எடுத்துவிட்டுப் பேசினார்.

"வலி வந்துருச்சா? எந்த ஆஸ்பத்திரி? நான் எப்படிச் சாமி வர்றது, மாத்தி விட ஆளில்லையே. மாப்பிள்ளைக்குச் சொன்னியா? திருப்பூர்ல இருந்து அவரு எப்ப வந்து சேர்றது? அழுவாதே சாமி. அப்பன் வந்துருவேன்."

போனை வைத்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவருக்குக் கேட்கவில்லை.

"மகளுங்களா?" என்றான் திருமூர்த்தி.

"ஒரே பொண்ணுங்க. அவ அம்மா இல்லை. தனியா ஆட்டோ புடிச்சுப் போயிருக்குது."

"நீங்க போங்க."

"கேட்டை விட்டுட்டுப் போனா வேலை போயிருமுங்க."

திருமூர்த்தி கையை நீட்டினான். "தொப்பியைக் கொடுங்க. நான் நிக்கறேன்."

பொங்கியண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க வர்ற வரைக்கும் இங்கிருந்து நகர மாட்டனுங்க. நான் நிக்கறதை இத்தனை நாளாப் பாத்துட்டுத்தானே இருக்கீங்க."

அவர் தொப்பியையும் விசிலையும் அவன் கையில் வைத்துவிட்டு ஓடினார்.

திருமூர்த்தி தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். வண்டிகளை நிறுத்தினான், விட்டான். மதிய வெயில் ஏறியது. ஒரு அம்மா தன் பையை அவன் காலடியில் வைத்து, பார்த்துக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கிடங்கின் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்வரிசையில் உட்கார்கிற கல்லூரிப் பெண் ஒருத்தி ஸ்கூட்டரில் வந்தாள். அவன் எதிரிலேயே ஹெல்மெட்டைக் கழற்றி, தலை சீவி, அவனைத் தாண்டிப் போனாள். அவள் கண்ணுக்கு அவன் படவேயில்லை.

முழங்கால் வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டான். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் எப்படி இருக்கிறாளோ, அப்பா போய்ச் சேர்ந்தாரோ இல்லையோ என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய பெயர்கூட அவனுக்குத் தெரியாது.

சாயங்காலம் பொங்கியண்ணன் வந்து சேர்ந்தார். கையில் மைசூர்பாகு டப்பா.

"பேத்திங்க," என்றார். இவன் வாயில் ஒரு துண்டைத் திணித்துவிட்டு, இரண்டு கைகளாலும் இவன் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

திருமூர்த்தி கிடங்குக்குப் போனான். டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு எவ்வளவு நேரம் நின்ன?"

"தெரியிலீங்க டீச்சர்."

"என்ன பண்ணிட்டிருந்த?"

அவன் யோசித்தான். "ஒருத்தருக்காக நின்னுட்டு இருந்தேன். அவரு வரோணுமேன்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் நெனைக்கலை."

டீச்சர் எழுந்தார்.

"நாளைக்கு ஒத்திகைக்கு வந்துரு."

தை பிறந்தது. விழாவும் தொடங்கியது.

ஊரே திரண்டு வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். டிக்கெட் கிடைக்காதவர்கள் படியில் உட்கார்ந்து பார்த்தார்கள். கிடங்கில் முன்பு ஆடிவிட்டு வேறு வேறு ஊர்களுக்குப் போனவர்கள் குழந்தைகளோடு வந்து, மேடைக்குப் பின்னால் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். எங்க ஊர்ல பிறந்த நடனமுங்க என்று டாக்சி ஓட்டுகிறவர்கள் பயணிகளிடம் சொன்னார்கள். ஜெரால்டு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். டீச்சர் மட்டும் எப்போதும்போலக் கடைசி வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் நூல் என்ற ஆட்டம். தறியில் நூல் அறுகிறது. அறுந்த நுனியைப் பிடிக்க ஒருவன் தாவுகிறான். கிடங்கின் பெயரை ஊர் தாண்டி எடுத்துப்போனது அந்தத் தாவல்தான். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு திருமூர்த்தி அன்று தாவினான். இருபது வயதில் தாவியதைவிட உயரம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சபை எழுந்து நின்று கைதட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது. அவன் உள்ளே போய், மறுபடி வந்து வணங்கி, மறுபடியும் வர வேண்டியிருந்தது.

டீச்சர் பின்னால் வந்து சொன்னார்: "எறங்கும்போது இடது கால் கட்டைவிரல் சும்மா கெடந்துச்சு."

"பாத்துட்டீங்களா!" என்று அவன் சிரித்தான்.

கடைசி நாள் வந்தது.

விளம்பரத் தட்டியில் அவன் அந்தரத்தில் இருக்கிற படத்தைத்தான் போட்டிருந்தார்கள். ஹால் நிரம்பி வழிந்தது. ஒப்பனை அறைக்குள் ஜெரால்டு வந்து கதவைச் சாத்தினார்.

"தம்பி, டீச்சருக்குத் தெரியாமச் சொல்றேன். எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வருது. சபை கத்த ஆரம்பிச்சா, ஒரே ஒரு தாவு தாவிடு. விழா தப்பிச்சுரும். உன்ற கடைசி நாள் இப்படி முடியக் கூடாது."

திருமூர்த்தி முழங்காலில் பட்டையை இறுக்கிக் கட்டினான். அவர் சொல்வதில் தப்பு எதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

திரை விலகியது. இருட்டில் மில் சங்கு ஊதியது.

அந்தச் சத்தத்தை ஊர் கேட்டுப் பல காலம் ஆகிவிட்டது. வயதானவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காலை வெளிச்சம் மெல்ல வந்தது. மேடையில் ஆண்களும் பெண்களும் சபையைப் பார்த்து நின்றிருந்தார்கள். சிலர் கையில் தூக்குச்சட்டி இருந்தது. நடுவில் திருமூர்த்தி.

அவர்கள் நின்றார்கள்.

கொஞ்ச நேரம் சபை ஆவலாகப் பார்த்தது. பிறகு இருமினார்கள். பிறகு கிசுகிசுத்தார்கள். அங்கங்கே போன் வெளிச்சம் தெரிந்தது. யாரோ சிரித்தார்கள்.

"இன்னும் ஆரம்பிக்கலையாப்பா?"

அதற்கும் சிலர் சிரித்தார்கள். ஒரு குடும்பம் எழுந்து கதவைப் பார்த்துப் போனது. பின்னால் இருந்து ஒரு விசில்.

"திருமூர்த்திண்ணா! ஒரு தாவு!"

"தாவுண்ணா!" என்று இன்னும் சில குரல்கள். அவை கேலிக் குரல்கள் அல்ல. அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அவனுடைய கெண்டைக்கால் இறுகியது. பாதம் தரையை அழுத்தியது. ஒரே ஒரு தாவல் போதும், இந்த ஹால் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டும். அவனைத் தவிர வேறு யாராலும் அதைக் கொடுக்க முடியாது. நாளைக்கு அவனாலும் முடியாது. பக்கத்தில் நின்ற சின்னப் பெண் ஒருத்தியின் மூச்சு பயத்தில் வேகமாவது அவனுக்குக் கேட்டது.

அப்போது மூன்றாவது வரிசையில் நீலச் சேலை கட்டிய ஒரு பெண்மணி எழுந்தார்.

இவரும் போகிறார் என்று திருமூர்த்தி நினைத்தான். போகட்டும். போகிறவர்களுக்கு அவசரம் இருக்கும், வேலை இருக்கும். போகட்டும். நான் இங்கே இருக்கிறேன்.

அப்படி நினைத்ததும் கெண்டைக்கால் தளர்ந்தது. பாதம் தரையில் படிந்தது. அவன் நின்றான்.

அந்தப் பெண்மணி போகவில்லை. எழுந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பின்வரிசைக்காரர் ஒருவர் அலுத்துக்கொண்டார்.

"உக்காருங்கம்மா. மறைக்குதில்ல?"

அவர் திரும்பவில்லை. மெல்லிய குரலில்தான் சொன்னார். ஆனால் அது மேடைவரை கேட்டது.

"எங்கப்பா இப்படித்தானுங்க நின்னாரு. நான் பஸ்ஸுல போகும்போது பாத்துட்டே போவேன். எறங்குனதே இல்லை."

அதன் பிறகு அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அலுத்துக்கொண்டவர் எழுந்து நின்றார். அந்தப் பக்கம் ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். அவருடைய பேரன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கவாட்டு மாடியில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் எழுந்தார்கள். கதவுவரை போன குடும்பம் அங்கேயே திரும்பி நின்றது. எல்லோரும் எழுந்தார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் உட்கார்ந்தே இருந்தார்கள், சிலர் போயே விட்டார்கள். ஆனால் விசில் மறுபடி வரவில்லை.

மேடையில் வெயில் உச்சிக்கு வந்தது. சாய்ந்தது. மஞ்சளாகி, சிவந்து, தரையோடு தரையாகக் கிடந்தது. மேலே நின்றவர்களும் கீழே நின்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். மில் கேட்டுக்கு யார் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதபடி இருந்தது.

வெளிச்சம் அணைந்தது.

கைதட்டல் வரவில்லை.

திருமூர்த்தி இருட்டில் காத்திருந்தான். இருமல்கூட இல்லை. பிறகு நாற்காலிகள் மடங்குகிற சத்தம், செருப்புகள் உரசுகிற சத்தம். ஹால் விளக்குகள் எரிந்தபோது ஜனங்கள் மெதுவாக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு போனார்கள். சிலர் பேசவில்லை. நீலச் சேலைப் பெண்மணி மேடையருகே வந்து அவனைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டுவிட்டுப் போனார். ஜெரால்டு வாசலில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, புதுச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திருமூர்த்தி மேடையிலிருந்து இறங்கினான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, காலி வரிசைகளைக் கடந்து, கடைசி வரிசைக்குப் போனான். டீச்சர் முன்நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தார். அவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

"டீச்சர்."

"ம்."

"யாருமே கை தட்டலீங்க."

"ஆமா. தட்டலை."

"எனக்கு அது வருத்தமா இல்லீங்க. ஏன்னுதான் தெரியிலை." அவன் கொஞ்சம் தயங்கினான். "ஆனா இனிமே கேக்க மாட்டேன், இன்னிக்கு ஒரு தடவை கேட்டுக்கறேன். நான் எப்படி நின்னனுங்க?"

டீச்சர் இன்னும் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாகப் போனது கைத்தடிப் பெரியவர். பேரனோடு படியில் கவனமாகக் கால் வைத்து இறங்கிக்கொண்டிருந்தார். அவர் தலை மறையும்வரை டீச்சர் பார்த்தார்.

"அந்த அம்மா நின்னாங்களே, ஒரு கையில செருப்பைக் கழட்டிப் புடிச்சுட்டிருந்தாங்க. கோயில்ல நிக்கற மாதிரி. அந்தப் பெரியவரு தடியை ஊனிட்டு நின்னாரு, கடைசி வரைக்கும் உக்காரலை. மாடியில ஒரு பையன் முதல்ல சிரிச்சான், அப்பறம் அங்க அவன்தான் முதல் ஆளா எந்திரிச்சான். ஒவ்வொருத்தரையாப் பாத்தேன். அத்தனை பேரையும் பாத்தேன்."

"என்னைங்க டீச்சர்?"

அமராவதி டீச்சர் திரும்பினார். அப்போதுதான் அவன் அங்கே நிற்பதைக் கண்டவர்போல அவன் முகத்தைப் பார்த்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"உன்னையப் பாக்க மறந்துட்டனே கண்ணு."